கோபியில் வாடகை ஒப்பந்தப் பதிவு: இருமுறை திரும்பியதும் தீர்ந்ததும்

கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு மாடி வீடு, 11 மாத ஒப்பந்தம். வாடகை ஒப்பந்தங்களைப் பதியும் அரசு அமைப்பான வாடகை அதிகார அமைப்பில் பதிய இணையத்தில் போட்ட விண்ணப்பம் இருமுறை திரும்பியது. காரணம் ஒரே வரி: ஒப்பந்த ஆவணம் சரியில்லை.

"11 மாசத்துக்கு எதுக்குங்க பதிவு?" என்றார் பத்திரம் எழுதுபவர். அது பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டக் காலத்துப் பேச்சு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், நகர்ப்புற வீட்டுக்கு எழுத்தில் ஒப்பந்தமும் அதற்குப் பதிவும் வேண்டும். மாதக் கணக்கு தப்பிக்க வழியல்ல. சார்பதிவாளர் அலுவலகம் போனதும் வீண். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பதிவுதான் அங்கே கட்டாயம். வாடகை அதிகார அமைப்பில் செய்வது வேறு பதிவு.

அடுத்து ஸ்கேனை மாற்றினேன், பழைய கதவு எண்ணோடு புதிய எண்ணையும் சேர்த்தேன். பயனில்லை.

கடைசியில் முத்திரைத்தாளின் பின்பக்கம் பார்த்தபோதுதான் பிடிபட்டது. விற்பனையாளர் போட்ட தேதி 4. ஒப்பந்தம் எழுதிய தேதி 1. வாடகை ஒன்றாம் தேதி தொடங்குவதால் எழுதிய தேதியையும் அப்படியே அடித்துவிட்டார்கள். வாங்காத தாளில் கையெழுத்திட முடியாதே! பின்பக்கத்தை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

புதுத் தாளில், எழுதிய தேதி வேறு, வாடகை தொடங்கும் தேதி வேறு எனத் தனித்தனியாக எழுதி, இருவரும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திட்டு, இருபக்கமும் ஸ்கேன் செய்து ஏற்றினோம். பதிவு எண் வந்துவிட்டது. நாலு நாள் அலைச்சல் தீர்ந்தது.