பழைய ஃபைபர் பாய்ப்படகு ஒழுகுகிறதா? ரெசின் கலக்கும் முன் கவனிக்க வேண்டியவை

கரையேற்றிய படகின் மிதவை அறையில் (படகு மூழ்காமல் காக்கும் மூடிய காற்றறை) இரண்டு வாளித் தண்ணீர் நிற்கிறது. உடனே படகைக் கவிழ்த்து, கண்ணில் பட்ட கீறலுக்கெல்லாம் ரெசின் (கலந்தால் இறுகும் பிசின்) பூசுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. எங்கும் மோதி அடிபடாத ஃபைபர் படகில், ஓட்டின் (படகின் வெளி உடல்) நடுவே தண்ணீர் புகுவது அபூர்வம். ஓட்டைத் துளைத்தோ ஒட்டியோ எதையாவது பொருத்தியிருக்கும் இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்: சென்டர்போர்டு (படகின் அடியில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) பெட்டியின் அடி, அதன் அச்சு போல்ட், சுக்கான் மாட்டும் கொண்டிகள், வடிகால் தக்கை, ஹேட்ச் மூடியின் ரப்பர் வளையம், மேல்தளமும் ஓடும் சேரும் மூட்டு.

தண்ணீர் தேங்கும் இடத்தை வைத்து அது நுழைந்த இடத்தைச் சொல்லிவிட முடியாது. எங்கு புகுந்தாலும் தாழ்வான மூலைக்குத்தான் ஓடும். எனவே சோப்புத் தண்ணீரில் சோதியுங்கள். தக்கையைக் கழற்றி, காற்று மெத்தைக்கு அடிக்கும் கால் பம்பை அந்தத் துளையில் வைத்து மெதுவாகக் காற்றடிக்க வேண்டும். இன்னொருவர் மூட்டுகளிலும் போல்ட் தலைகளிலும் சோப்புத் தண்ணீரைப் பிரஷால் தடவிக்கொண்டே வரட்டும். கசிகிற இடத்தில் பொடிப்பொடியாக நுரை பூக்கும். அங்கே பென்சிலால் குறியுங்கள். மெழுகு கிரேயான் வேண்டாம். மெழுகு பட்ட இடத்தில் பிறகு ரெசின் ஒட்டாது.

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கம்ப்ரசரை மட்டும் இணைத்துவிடாதீர்கள். சதுர அங்குலத்துக்கு 1 பவுண்டு அழுத்தம் என்றால் அற்பமாகத்தான் தெரியும். ஆனால் 1 சதுர மீட்டர் தளத்தின் மேல் அது சுமார் 700 கிலோ எடைக்குச் சமம். நன்றாக இருந்த மூட்டும் விட்டுப்போகும்.

அடுத்தது சிலிகான். ஒழுகும் கொண்டியைச் சுற்றி வெளியிலிருந்து சிலிகானைப் பிதுக்கினால் ஒரு மாதம் தாங்கலாம். அதன் பிறகுதான் தொல்லை. சிலிகான் படிந்த பரப்பில் எபாக்சி ரெசினோ பெயின்டோ பிடிக்காது. அதை முழுதாகத் துடைத்தெடுப்பதும் லேசில்லை. படகுக்கென்று வரும் பாலியூரித்தேன் சீலன்ட் போதும். அதிலும் நிரந்தரமாகப் பிடிக்கும் வகையை எடுக்காதீர்கள். பின்னால் கழற்ற நேர்ந்தால் கொண்டியோடு ஜெல்கோட்டும் (ஓட்டின் பளபளப்பான மேல்பூச்சு) பெயர்ந்து வரும்.

பொருத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. கொண்டியை முழுதாகக் கழற்றிப் பழைய சீலன்ட்டைச் சுரண்டி எடுங்கள். கவுண்டர்சிங்க் பிட்டால் துளையின் வாயை லேசாக அகட்டினால், அந்தப் பள்ளத்தில் நிற்கும் சீலன்ட் போல்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போல இறுகும். முதல் நாளே முழுப் பலத்தோடு முறுக்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு: சீலன்ட் மொத்தமும் வெளியே பிதுங்கிவிட, உள்ளே எதுவும் மிஞ்சாது. விளிம்பில் சுற்றிலும் மெல்லிசாகப் பிதுங்கும்வரை கையால் முறுக்கி விட்டுவிடுங்கள். நன்றாக இறுகிய பிறகு அரைச் சுற்று முறுக்கினால் போதும். அப்போதும் நட்டை மட்டுமே திருப்ப வேண்டும். போல்ட் சுழன்றால் அதைச் சுற்றி இறுகிய வளையம் அறுந்துவிடும்.

மேல்தளத்துக்குள் ஃபோமோ பால்சா மரமோ இருந்தால் இது மட்டும் போதாது. 6 மி.மீ. போல்டுக்கு 10 மி.மீ. துளை போட்டு, சிலிகா பொடி கலந்து கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பி, இறுகியதும் நடுவில் 6 மி.மீ. துளையிடுங்கள். பிறகு துளையில் தண்ணீர் கசிந்தாலும் உள்ளிருக்கும் மரத்தைத் தொடாது.

சென்டர்போர்டு பெட்டியில் முதலில் அச்சு போல்டின் ரப்பர் வாஷர்களை மாற்றிப் பாருங்கள். பல படகுகளில் வேலை அதோடு முடிந்துவிடும். அடி மூட்டே வெடித்திருந்தால் கார் பட்டி பூசாதீர்கள். அதில் டால்க் பொடி கலந்திருக்கும், நாளடைவில் தண்ணீரை உறிஞ்சும், பெட்டி ஆடும்போது விரிசல் விடும். இருபுறமும் 50 மி.மீ. வரை ஃபைபர் தெரியத் தேய்த்து, மூலையை 10 மி.மீ. ஆரத்துக்குக் கெட்டி எபாக்சியால் உருட்டிவிட்டு, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கண்ணாடி இழைப் பட்டை இரண்டு அடுக்கு ஒட்ட வேண்டும்.

ஓடே உடைந்திருந்தால், விரிசலின் மேல் ஒரு துண்டு ஒட்டுவது வெறும் ஒப்பனை. ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, தடிமனைப் போல் 12 மடங்கு அகலம் விட வேண்டும், 3 மி.மீ. ஓட்டுக்கு ஒவ்வொரு பக்கமும் 36 மி.மீ. அசிட்டோனால் துடைப்பது உப்புத்தாள் போடுவதற்கு முன். வரிசை மாறினால் பழைய மெழுகைக் கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றியதாகிவிடும்.

படகு செய்யப் பயன்பட்ட பாலியெஸ்டர் ரெசின் இறுகிப் பழசான பின், அதன் மேல் எபாக்சிதான் நன்றாகப் பிடிக்கும். ஆனால் சாதாரண சாப்டு ஸ்ட்ராண்ட் மேட்டில் (துண்டு இழைகளை ஒட்டிச் செய்த விரிப்பு) இழைகளைப் பிடித்திருக்கும் பசை பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் அது இல்லாததால் மேட் சரியாக ஊறாது. நெய்த துணியை எடுங்கள். மேலே ஜெல்கோட் பூசும் எண்ணம் இருந்தால் தொடக்கத்திலிருந்தே பாலியெஸ்டர் ரெசினோ வினைல் எஸ்டர் ரெசினோதான். எபாக்சியின் மேல் ஜெல்கோட்டை நம்ப முடியாது. பெயின்ட் அடிப்பதே மேல்.

"ஹார்டனர் கொஞ்சம் கூடப் போனால் சீக்கிரம் காயும்" என்பது எபாக்சிக்குப் பொருந்தவே பொருந்தாது. அளவு தவறினால் அது கடைசிவரை பிசுபிசுக்கும். பாலியெஸ்டருக்கு 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம் கேட்டலிஸ்ட் (அதை இறுகவைக்கும் திரவம்). அந்தத் திரவம் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

இத்தனையும் சரியாகச் செய்து, ஈரத்தின் மேல் ஒட்டினால் எல்லாம் வீண். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். தேய்த்த இடத்தின் மேல் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் விட்டால், ஈரமிருக்கும் பட்சத்தில் உட்புறம் முத்து முத்தாக வியர்க்கும். வியர்வை நிற்கும்வரை ரெசின் டப்பாவைத் திறக்க வேண்டாம்.

பழுது பார்த்த படகைத் தக்கைகளைக் கழற்றியே நிறுத்தி வையுங்கள். மூடிய அறைக்குள் வெயிலில் காற்று விரிந்தால், கம்ப்ரசர் செய்யும் அதே வேலையை அது மெதுவாகத் தினமும் செய்துகொண்டிருக்கும்.