வேலிக்கு மேலால் கம்பி இழுக்குமுன்: சூரிய மின்சாரப் பகிர்வில் நேரும் தவறுகள்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு ஏறியதும், "மிஞ்சுகிற கரண்டை எங்களுக்கும் தரலாமா?" என்று அயலவர் கேட்பது இயல்பு. முருங்கைக்காயையும் கறிவேப்பிலையையும் வேலிக்கு மேலால் கொடுத்துப் பழகிய நாம் மின்சாரத்தையும் அப்படியே கொடுக்க முற்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

உயிராபத்தான தவறு, இன்வேட்டரின் 230 வோல்ற் மின்சாரத்தைக் கம்பியால் கொண்டுபோய் அயல்வீட்டுப் பிளக்கில் செருகிவிடுவது. அவ்வீட்டுக்கு மின்சார சபையின் இணைப்பும் இருந்தால், கரண்ட் நின்ற வேளையில் இம்மின்சாரம் மீற்றரைக் கடந்து வெளிக் கம்பியில் ஏறும். கம்பத்தில் திருத்த வேலை செய்பவர் அதை அறியமாட்டார். கரண்ட் திரும்பி வந்தால் இன்வேட்டரும் எரியலாம். இரண்டில் ஒன்றை மட்டுமே இணைக்கவிடும் சேஞ்சோவர் சுவிட்சைத் தகைமையுள்ள மின்னிணைப்பாளர் பொருத்தாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

இதற்கு அஞ்சி 12 வோல்ற் பற்றரியிலிருந்து நேரே கம்பி இழுப்போர் வேறொரு பிழை விடுகின்றனர். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் 30 மீற்றர் தொலைவுக்கு 100 வாற்று அனுப்பினால், போகவர 60 மீற்றரில் மூன்றரை வோல்ற்றுக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். வன்னியின் அகன்ற காணிகளில் அடுத்த வீடு என்பது பெரும்பாலும் அதைவிடத் தூரமானது.

விலை பேசும்போது எல்லா அலகையும் ஒன்றாகக் கருதுவதே, என் பார்வையில், உறவைக் கெடுக்கும் தவறு. நண்பகலில் மிஞ்சும் ஓர் அலகு அயலவரின் ஒரு குதிரைவலுப் பம்பியை ஏறத்தாழ ஒரு மணிநேரம் இயக்கும். அதைப் பயன்படுத்தாவிட்டால் வீண்தான். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பிற்பகல் 3 மணி வரை கூரைத் தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்ட அளவுக்குப் பகல் மின்சாரம் மிஞ்சியது. இரவு அலகோ பற்றரியின் ஆயுளைத் தின்று வருவது. 12 வோல்ற், 100 அம்பியர் மணிக் கொள்ளளவுள்ள ஈய அமிலப் பற்றரியில் 1.2 அலகு இருந்தாலும், அது நீடித்து உழைக்க வேண்டுமானால் பாதியளவே எடுக்கலாம். அதை நம்பி இரவுக்கு ஓர் அலகு தருவதாக வாக்களித்தவர் விரைவிலேயே புதுப் பற்றரிக்கு விலை விசாரிக்க நேரிடும்.

2016 இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் அயலவர்கள் சூரிய மின்சாரத்தை விற்று வாங்கிய செய்தியைப் படித்துவிட்டு, கைபேசிச் செயலி ஒன்று போதுமென நினைப்போரும் உளர். அங்கே மின்சாரம் ஏற்கெனவே இருந்த பொதுக் கம்பிகளில்தான் பாய்ந்தது, கைமாறியது கணக்கு. இலங்கையிலோ, 2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் முதற்கொண்டு, மின்சாரத்தை விநியோகிக்க உரிமமோ விதிவிலக்கோ வேண்டும். ஆகவே பணம் வாங்குமுன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் கேட்டறிவது அவசியம்.

உடன்பாட்டை வைகாசி வெயிலின் விளைச்சலை வைத்து எழுதுவதும் பிழையே. கார்த்திகை, மார்கழி மாரியில் வானம் நாட்கணக்கில் மூடியிருக்கும். மாதத்துக்கு இத்தனை அலகு என்று எழுதாமல், தன் தேவை போக மிஞ்சுவதில் இத்தனை பங்கு என எழுதி, துணை மீற்றர் ஒன்றைப் பொருத்தி, இரு வீட்டாரும் ஒரே நாளில் அதைப் பார்த்துக் கொப்பியில் குறித்துக்கொள்ளலாம்.