பால் பத்துதா? பச்சைக்குழந்தை வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறந்த குழந்தை இருக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் கேட்கும் முதல் கேள்வி, "பால் பத்துதா?" என்பதுதான். குழந்தை அழுதாலும் கேட்பார்கள், அதிக நேரம் தூங்கினாலும் கேட்பார்கள். தையல் வலியோடு, சரியான தூக்கம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் காதில் அது குற்றச்சாட்டு மாதிரியே விழும். நல்லபடியாகப் பால் சுரக்கிற தாய்மார்களில் பலர் "எனக்குப் பால் இல்லை" என்று முடிவு கட்டிவிடுவது இந்த முதல் இரண்டு வாரத்தில்தான். உண்மையிலேயே பால் போதாமல் சோர்ந்து கிடக்கும் குழந்தையைப் பார்த்து, "சமர்த்தா தூங்குது" என்று விட்டுவிடுவதும் இதே நாட்களில்தான் நடக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. குழந்தை எவ்வளவு குடித்தது என்பதையே துருவித் துருவிப் பார்க்கிறோம். எவ்வளவு சிறுநீர் கழித்தது, எத்தனை தடவை மலம் போனது, எடை என்ன ஆனது என்பதைக் கவனிப்பதில்லை.

முதல் மூன்று நாள்

பிரசவமானதும் ஊறுவது சீம்பால். கெட்டியாக, மஞ்சளாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். "அழுத்திப் பார்த்தால் நாலு சொட்டுதான் வருகிறது, இது எப்படிப் பத்தும்?" என்று பதறுவது பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. பத்தும். முதல் நாளில் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பது 2 முதல் 10 மில்லிதான், அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. இரண்டாம் நாள் 5 முதல் 15 மில்லி, மூன்றாம் நாள் 15 முதல் 30, நான்காம் நாள் 30 முதல் 60 என்று அது தானாகக் கூடிக்கொண்டே போகும்.

மார்பு கனத்து வெள்ளைப் பால் இறங்க 2 முதல் 4 நாள் ஆகும். முதல் பிரசவம், சிசேரியன், தாய்க்குச் சர்க்கரை நோய், பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். அதனால் இந்தத் தாமதம் நம் ஊரில் அபூர்வமே இல்லை. அடிக்கடி குழந்தையை மார்பில் போடுவதுதான் இதற்கான முதல் மருந்து.

எடை குறைவதும் இந்த நாட்களில்தான். 3 கிலோவில் பிறந்த குழந்தை மூன்றாம் நாள் 2.8 கிலோ இருந்தால் வீட்டில் எல்லோர் முகமும் வாடிவிடுகிறது. பிறந்த எடையில் 7 விழுக்காடு வரை குறைவது சாதாரணம். அதைத் தாண்டினால் பால் குடிக்கும் விதத்தை ஒரு செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 10 விழுக்காட்டை நெருங்கினால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. பிரசவ நேரத்தில் தாய்க்கு நிறைய குளுக்கோஸ், சலைன் ஏற்றியிருந்தால் குழந்தை உடம்பிலும் அந்த நீர் சேர்ந்து பிறந்த எடை சற்றுக் கூடுதலாகக் காட்டும், பிறகு இறக்கமும் கூடுதலாகத் தெரியும். குறைந்த எடையை 10 முதல் 14 நாளுக்குள் பிடித்துவிட வேண்டும். அதன் பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் பால் தாராளமாகப் போதுகிறது என்று பொருள்.

பால் இறங்கக் காத்திருக்கும் இந்த இடைவெளியில்தான் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் கழுதைப்பாலும் குழந்தையின் வாய்க்குள் போகின்றன. வெறும் தண்ணீர் அந்தச் சின்ன வயிற்றை நிரப்பிப் பசியை மறைக்கும். அளவு கூடினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரை கொண்டுபோகும். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் விதைகள் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரலாம், அதனால் ஒரு வயது வரை தேன் கூடாது. தெருவில் கறந்து கொடுக்கும் கழுதைப்பால் காய்ச்சாத பால், அதில் என்ன கிருமி இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கோடைக்காலம் என்றாலும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் வேண்டாம். சேனை தொட்டு வைப்பது பெரியவர்கள் பாசத்தோடு செய்யும் சடங்கு, முகத்துக்கு நேரே மறுக்கத் தயக்கமாக இருக்கும். கையை நன்றாகக் கழுவிவிட்டு, தாயின் சீம்பாலையே ஒரு சொட்டுத் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். தாத்தாவுக்கும் மனம் நிறையும், குழந்தைக்கும் கெடுதல் வராது.

ஏமாற்றும் அடையாளங்கள்

"பால் குடித்த பத்தாவது நிமிடமே அழுகிறது, அப்படியானால் வயிறு நிறையவில்லை." இதைப் போல எத்தனையோ தாய்மார்களைக் கவிழ்த்த முடிவு வேறு இல்லை. குழந்தை ஈரத்துக்கு அழும், வாயுவுக்கு அழும், மடியை விட்டு இறக்கினால் அழும். மாலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து வரை விட்டு விட்டுக் குடிப்பதும், இடையிடையே சிணுங்குவதும் முதல் வாரங்களில் ஏராளமான குழந்தைகளின் வழக்கம். இரண்டு மூன்று வாரத்திலும், ஆறாம் வாரத்தை ஒட்டியும் திடீரென்று ஓரிரு நாள் விடாமல் குடிப்பார்கள். அந்த நாட்களில் பால் வற்றிவிடவில்லை, அடிக்கடி குடித்துச் சுரப்பைக் கூட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்து அந்தப் புட்டிச் சோதனை. தாய்ப்பால் கொடுத்த பிறகு 30 மில்லி பவுடர் பாலைப் புட்டியில் வைத்துப் பார்ப்பார்கள், குழந்தை மடமடவென்று குடித்துவிடும், "பார்த்தியா, பசியோடதான் இருந்திருக்கு" என்பார்கள். பிறந்த குழந்தையின் மேலண்ணத்தில் காம்பு பட்டால் சப்புவது அனிச்சைச் செயல். பாலும் தானாக வாயில் வடிவதால் விழுங்கத்தான் வேண்டும். வயிறு நிறைந்த குழந்தையும் குடிக்கும். அந்த 30 மில்லியை வைத்துத் தாய்ப்பால் போதாது என்று தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

பம்ப் வைத்து எடுத்தால் வரும் அளவும் அப்படித்தான். குழந்தை இழுப்பது போல எந்தக் கருவியாலும் இழுக்க முடியாது. மனம் பதற்றமாக இருந்தால் பாலை வெளியே தள்ளும் ஆக்ஸிடோசின் சுரப்பு தடைபட்டு, இருக்கும் பாலும் இறங்காது. ஆறு வாரம் ஆனபின் மார்பு கனமில்லாமல் மெத்தென்று ஆவதும் பால் குறைந்ததற்கு அடையாளம் கிடையாது. குழந்தையின் தேவைக்கும் சுரப்புக்கும் கணக்கு ஒத்துப்போய்விட்டது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் குழந்தையின் கன்னத்தோடு ஒப்பிடுவதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, விட்டுவிடுங்கள்.

"ஒரு வேளை பவுடர் கொடுத்தால் என்ன?"

அவசியமில்லாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். மார்பு எந்த அளவுக்குக் காலியாகிறதோ அந்த அளவுக்கு வேகமாகப் பால் ஊறும். நிறைந்து நின்றால், தேங்கும் பாலே சுரப்பைக் குறைக்கச் சொல்லிச் சைகை கொடுக்கும். இரவில் ஒரு புட்டி கொடுத்தால் குழந்தை நான்கு மணி நேரம் தூங்கும், அம்மாவும் தூங்குவாள், ஆனால் அந்த நான்கு மணி நேரமும் மார்பு காலியாகாமல் இருக்கும். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் அதிகம் இருப்பதும் இரவில்தான். இரண்டு மூன்று நாளில் சுரப்பு நிஜமாகவே குறையும். குறைந்ததும் இன்னொரு புட்டி. ஆரம்பத்தில் வெறும் பயமாக இருந்தது இப்படித்தான் உண்மையாகிவிடுகிறது.

மருத்துவர் கூடுதல் பால் தேவை என்று சொல்கிற குழந்தைகளும் உண்டு. குறைமாதக் குழந்தை, எடை மிகவும் இறங்கிய குழந்தை, ரத்தத்தில் சர்க்கரை குறைந்த குழந்தைக்கெல்லாம் தாமதிக்காமல் கொடுத்தே ஆக வேண்டும். அப்போதும் முதலில் தாயிடமிருந்தே பீய்ச்சியெடுத்த பால், அது இல்லையென்றால் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருந்தால் அதிலிருந்து, அதுவும் இல்லையென்றால் பவுடர் பால் என்று போகலாம். கொஞ்ச நாள் தேவைக்குப் புட்டியை விடப் பாலாடை (பால் புகட்டும் சங்கு) நல்லது, சுத்தம் செய்வதும் சுலபம். இப்படிக் கொடுக்கும் நாட்களில் குழந்தை குடிக்காத வேளையிலும் பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டே இருந்தால் சுரப்பு நிற்காது.

பவுடர் பாலையே நம்பியிருக்கும் தாய் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவள் இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது கலக்கும் முறை. டப்பா சீக்கிரம் தீருகிறது, அல்லது ஜீரணமாகாது என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்காதீர்கள். அதனால் குழந்தையின் எடை ஏறாது, உடம்பில் உப்புச் சமநிலையும் கெடும். டப்பாவில் சொன்ன அளவு, அதோடு வந்த கரண்டி, கொதிக்க வைத்து 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும் தண்ணீர். கலக்கியபின் ஆறவிட்டு, உள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள், குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் வற்புறுத்தாதீர்கள். இன்னொன்று, 1992 ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைகளுக்கான பால் பவுடரை விளம்பரம் செய்வதும் தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுப்பதும் இந்தியாவில் குற்றம். யாராவது டப்பாவை இலவசமாக நீட்டினால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

தூங்குகிற குழந்தை

அழுகிற குழந்தையை விட எனக்கு அதிகக் கவலை தருவது அழாத குழந்தைதான். "தூங்குற பிள்ளையை எழுப்பாதே" என்பது பெரிய குழந்தைக்குச் சரி. பிறந்த எடையைத் திரும்பப் பிடிக்கும் வரை பச்சைக்குழந்தைக்கு அது பொருந்தாது. ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் வேண்டும். மூன்று மணி நேரம் தாண்டியும் எழவில்லை என்றால் எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். போர்த்திய துணியை விலக்குங்கள், உள்ளங்காலைத் தடவுங்கள், ஈரத்துணியை மாற்றுங்கள், தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி போடுங்கள்.

பால் குறைந்தால் மஞ்சள் காமாலை கூடும். காமாலை கூடினால் குழந்தை இன்னும் தூங்கும், தூங்கினால் பால் இன்னும் குறையும். 37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளிடம் இதை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும். காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று நாட்களைக் கடத்தாதீர்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவியிருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அழ ஆரம்பித்த பிறகுதான் பசி என்று காத்திருப்பதும் தவறு. வாயைத் திறந்து பக்கவாட்டில் தேடுவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, உதட்டைச் சப்புவது எல்லாம் முன்கூட்டியே வரும் அழைப்பு. வீறிட்டு அழும் குழந்தைக்கு மார்பைச் சரியாகப் பற்றத் தெரியாது.

பற்றுவதும் முக்கியம். காம்பை மட்டும் கவ்வினால் அரை மணி நேரம் சப்பினாலும் பால் வராது, தாய்க்குத்தான் வெடிப்பும் வலியும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடங்கி, தாடை மார்பில் பட்டு, கருவட்டத்தின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் வாய்க்குள் போயிருக்க வேண்டும். விழுங்கும் சத்தம் கேட்கும். ஒரு பக்கம் இத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்து மாற்றாமல், குழந்தை தானாக விட்ட பிறகு அடுத்த பக்கம் கொடுங்கள்.

எதைப் பார்க்க வேண்டும்

முதல் நாள் ஒரு தடவையாவது சிறுநீர், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று, ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறுக்குக் குறையக் கூடாது. துணி கட்டுகிற வீட்டில் எண்ணுவது சுலபம். டயாப்பர் என்றால், புதிய ஒன்றில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள், நனைந்த கனம் கைக்குத் தெரிந்துவிடும். முதல் ஓரிரு நாள் செங்கல் பொடி நிறத்தில் கறை பட்டால் பயமில்லை, ஐந்தாம் நாளும் பட்டால் பால் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கறுத்துப் பிசுபிசுவென்று போகும் மலம் ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக மாறி, நாளைக்கு மூன்று நான்கு தடவையாவது போக வேண்டும். ஆறு வாரத்துக்கு மேல் தாய்ப்பால் குழந்தை சில நாள் மலம் போகாமல் இருக்கலாம், அது வேறு கணக்கு. "கக்குற பிள்ளை தக்கும்" என்பார்கள், எடை ஏறிக்கொண்டிருக்கும் வரை அது சரிதான். பச்சை நிறத்தில் வாந்தி வந்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

எடையைத் தினமும் பார்க்க வேண்டாம். வாரம் ஒரு முறை, அதே தராசில், உடுப்பில்லாமல் பார்த்துத் தாய் சேய் நல அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் அந்த அட்டையைக் காட்டி, அவர் முன்னாலேயே ஒரு தடவை பால் கொடுங்கள். கூச்சப்படாதீர்கள்.

தாயின் சாப்பாட்டிலும் ஒரு தவறு நடக்கிறது. பூண்டு, பால் சுறா, முருங்கைக்கீரை கொடுப்பது நல்லதே. ஆனால் பச்சை உடம்பு என்று சொல்லித் தண்ணீரைக் குறைப்பதும், பத்தியம் என்று காய் பழத்தை நிறுத்துவதும் வேண்டாம். தாகம் தீரக் குடிக்கட்டும், பசிக்குச் சாப்பிடட்டும்.

குழந்தை மார்பைப் பற்றவே மறுப்பது, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, உச்சிக்குழி பள்ளமாவது, உடம்பு சுடுவது அல்லது வயிறு வரை ஜில்லிட்டுப் போவது, நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விடுவது, வலிப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை பொறுக்காமல் 108-ஐ அழையுங்கள். சந்தேகம் மட்டும் என்றால் தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104 இருக்கிறது.

எல்லா அடையாளமும் நன்றாக இருந்தும் பயம் போகவில்லை, குழந்தை தூங்கும்போதும் உங்களால் தூங்க முடியவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே தொடர்கிறது என்றால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்கு யாரோடாவது பேச வேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.