ஏர் பிஸ்டல்: பேரலை மாற்றும் முன் பெல்லட்டை மாற்றிப் பாருங்கள்

"சித்தப்பா, பேரல் போயிடுச்சாம். புதுசு மாத்தணுமாம்." ஆனி மாதத்தில் ஒரு நாள் அண்ணன் மகள் கண்ணெல்லாம் கலங்கி வந்து நின்றாள். ஏர் பிஸ்டலில் சூட்டுக்கு ஒன்பதும் பத்துமாக மதிப்பெண் அடித்துக்கொண்டிருந்தவளுக்கு இரண்டு வாரமாக ஏழும் எட்டும்தான். பேரலில், அதாவது குண்டு ஓடும் குழாயில், கோளாறு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வேலந்தாவளத்தில் எங்கள் தோப்புக்குள் தேங்காய் போட்டு வைக்கும் நீளக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அங்கே பிஸ்டலை அரிசி மூட்டை மேல் வைத்து சோதித்தோம். பேரலில் ஒரு குறையும் இல்லை. புதிதாக வாங்கிய டப்பாவில் பெல்லட்டின், அதாவது பிஸ்டலில் போட்டுச் சுடும் சின்ன ஈயக் குண்டின், தலை அளவு வேறாக இருந்தது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்ற பிறகு எங்கள் பக்கமும் நிறையப் பிள்ளைகள் ஆசையாகக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு வீடியோக்களில் தோட்டாவை வீட்டிலேயே நிரப்புவார்கள், கடையில் வாங்கிய பேரலைத் தாங்களே மாட்டுவார்கள். 1959 ஆயுதச் சட்டப்படி நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் துப்பாக்கியைத் திருத்துவதும் குற்றம். அந்தப் பக்கமே போக வேண்டாம். நான் சொல்வது காற்றழுத்தத்தில் இயங்கும் 4.5 மி.மீ. பிஸ்டலைப் பற்றி மட்டும். அதிலும் பேரலையோ வால்வையோ கழற்றும் வேலை கம்பெனி மெக்கானிக்குடையது.

படி 1: இடம்

சுடும் கோட்டிலிருந்து டார்கெட் அட்டை வரை சரியாக 10 மீட்டர் டேப் பிடித்து அளக்கவும். அட்டையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அட்டைக்குப் பின்னால் சாய்வான இரும்புத் தகடு வைத்த பெட்டி வேண்டும், பெல்லட் அதில் பட்டுக் கீழே விழும். அதற்கும் பின்னால் முழுச்சுவர். வழி, மாட்டுக் கொட்டகை, ஆள் நடமாட்டம் எதுவும் கூடாது. எல்லோருக்கும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் நாளில் அட்டை படபடக்கும், அன்று கதவைச் சாத்திவிட்டுச் சுடுங்கள்.

சுடாத நேரமெல்லாம் பேரலுக்குள் பாதுகாப்பு நூல் ஓடியிருக்க வேண்டும். அந்த ஆரஞ்சு நூலின் நுனி வெளியே தெரிந்தால் உள்ளே பெல்லட் இல்லை என்று தூரத்திலிருந்தே தெரியும். இதில் என் வீட்டில் சலுகையே கிடையாது.

படி 2: பேரலைத் துடைத்தல்

அழுக்குப் பேரலில் சோதித்தால் முடிவு பொய்யாகிவிடும். பிஸ்டல் காலி என்று பார்த்து, காற்றுச் சிலிண்டரையும் கழற்றி வையுங்கள். மெல்லிய நைலான் நரம்பை முன்வாய் வழியாகப் பின்பக்கம் வரை விட்டு, பின்முனையில் சின்னப் பருத்தித் துணியைக் கட்டி, முன்பக்கமாக இழுங்கள். ஈயக் கரி கருப்பாக வரும். துணி வெளுப்பாக வரும்வரை துணியை மாற்றி மாற்றி இழுங்கள். பேரல் வாயின் விளிம்பில் கம்பி உரசவே கூடாது. பெல்லட் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே சிறு கீறல் விழுந்தாலும் குறி சிதறும்.

காற்று போகும் பாதையில் எண்ணெய் ஊற்றாதீர்கள். அழுத்தமான காற்றோடு எண்ணெய் சேர்வது ஆபத்து. துடைத்து முடித்ததும் இருபது பெல்லட்டைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள்.

படி 3: பெல்லட்டைத் தேர்ந்தெடுத்தல்

போட்டி பெல்லட்டின் மூக்கு தட்டையாக இருக்கும், அட்டையில் வட்டமாகத் துளை போடும். டப்பாவில் தலை அளவு 4.49, 4.50 என்று அச்சிட்டிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதானே என்று விட்டுவிடாதீர்கள், எங்களை இரண்டு வாரம் அலைய வைத்தது அதுதான். பல பிஸ்டல்களுக்கு அரை கிராமுக்குச் சற்றுக் குறைவான இலகு பெல்லட் ஒத்துவரும். மூன்று நான்கு வகை வாங்குங்கள். பின்பக்கம் பாவாடை போல விரிந்திருக்கும் விளிம்பு நசுங்கியதைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

படி 4: மூட்டை மேல் வைத்துச் சோதனை

துப்பாக்கியின் தவறையும் கையின் தவறையும் பிரித்துப் பார்க்கத்தான் மூட்டை. குறி பார்க்க பிஸ்டலின் மேலே இருக்கும் முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடையே ஏறக்குறைய 32 செ.மீ. இருக்கும். பின்சைட்டின் நடுவிலிருந்து முன்சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினால், பத்து மீட்டரில் பெல்லட் 31 மி.மீ. விலகும். நடுவைப் பிடித்தே சுட்டிருந்தாலும் விழுவது ஏழு! நின்றுகொண்டு ஒரு கையால் சுட்டுவிட்டுப் பேரலைக் குறை சொல்ல யாராலும் முடியாது.

முன்கையையும் பிடியையும் மூட்டையில் பதியுங்கள். பேரல் எதிலும் படக்கூடாது. ஒரு வகை பெல்லட்டில் ஐந்து சூடு, பிறகு புது அட்டை. இப்படி ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது நான்கு அட்டை. ஓர் அட்டை அழகாக வந்தது என்று முடிவெடுக்காதீர்கள், அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அட்டையின் பின்னால் வகை, லாட் நம்பர் (ஒரே தொகுப்பில் தயாரான டப்பாக்களுக்குப் போடும் எண்), தேதி மூன்றையும் உடனே எழுதிவிடுங்கள்.

அளக்கும் முறை: துளைக்கூட்டத்தின் ஒரு வெளிவிளிம்பிலிருந்து எதிர் வெளிவிளிம்பு வரை அளந்து 4.5-ஐக் கழியுங்கள். எங்கள் கையில் பழைய டப்பா சராசரி 4 மி.மீ., புது டப்பா 9 மி.மீ. காட்டியது.

அந்த 5 மி.மீ. ஏன் பெரிது? பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. துளை கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், துளையின் மையம் நடுவிலிருந்து 8 மி.மீ. வரை தள்ளிப் போகலாம். அந்த எட்டில் பாதிக்கு மேல் பெல்லட்டே தின்றுவிட்டால் பிள்ளையின் கை நடுக்கத்துக்கு மிச்சம் என்ன இருக்கும்?

நல்ல கம்பெனி பிஸ்டல்களோடு தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்த அட்டை ஒன்று வரும். உங்களிடம் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். நான்கு வகையும் சிதறினால் மட்டும் மெக்கானிக்கிடம் பேரலைக் காட்டுங்கள்.

படி 5: சைட் திருத்தம்

பெல்லட் முடிவான பிறகே சைட்டைத் தொடுங்கள். துளைகள் கீழே விழுந்தால் பின்சைட்டை மேலே ஏற்றவும், இடப்பக்கம் விழுந்தால் வலப்பக்கம் நகர்த்தவும். சைட் திருகை இரண்டு கிளிக் திருப்பு, ஐந்து சூடு, மறுபடி பார்.

சிலிண்டர் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும். பத்து வருடம் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது. பங்குனி வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகவும் கூடாது.

பெல்லட் ஈயம். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடாதீர்கள், சின்னக் குழந்தைகள் பக்கத்தில் டப்பாவை வைக்காதீர்கள்.

பொருந்திய டப்பா கிடைத்ததும், அதே லாட் நம்பரில் இன்னும் எத்தனை டப்பா இருக்கிறது என்று அன்றைக்கே கடைக்கு போன் போட்டுக் கேளுங்கள். நாங்கள் கேட்டபோது ஆறு இருந்தது. ஆறையும் வாங்கிவிட்டோம்.