பிராக் நகரில் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செக் குடியரசு 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும், அதன் தலைநகரான பிராகில் இன்றும் புழங்குவது யூரோ அல்ல, அந்நாட்டு நாணயமான கொருனாதான். இதை அறியாமல் யூரோ நோட்டுகளோடு வந்திறங்குபவர்கள், பழைய நகரச் சதுக்கத்தை ஒட்டிய தெருக்களில் ‘கமிஷன் இல்லை’ என்ற பலகையைக் கண்டதும் நாணய மாற்றுக் கடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். கமிஷன் இல்லாதது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சில கடைகள் அதற்கும் மேலான தொகையை மாற்று விகிதத்திலேயே கழித்துக்கொள்கின்றன. ஆகவே, கையில் எத்தனை கொருனா வரும் என்று கேட்டறிந்த பிறகே நோட்டை நீட்ட வேண்டும். ஏமாந்துவிட்டாலும் வழியுண்டு: 1000 யூரோ மதிப்பு வரையிலான பரிமாற்றத்தை, மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு அதே கடைக்குச் சென்று ரத்து செய்யும் உரிமையை 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் அளித்திருக்கிறது. ரசீதைக் கசக்கி எறிந்தவருக்கு அந்த வாய்ப்பும் போய்விடும். தெருவில் தாமாக வந்து பணம் மாற்றித் தருவதாகச் சொல்பவர்களிடம் பேச்சே கொடுக்க வேண்டாம். ஏடிஎம் திரையில், தொகையை ரூபாயில் கணக்கிடவா என்று கேட்டால் மறுத்து, கொருனாவிலேயே எடுப்பதுதான் லாபம்.

அடுத்தது பயணச்சீட்டு. 1974இல் தொடங்கிய மெட்ரோவில் தடுப்புக் கதவுகள் இல்லை. படிக்கட்டு இறங்கினால் நேரே நடைமேடைதான். நம் ஊர் மெட்ரோவில் பழகியவர்கள் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். காகிதச் சீட்டை நுழைவாயிலில் உள்ள மஞ்சள் பெட்டிக்குள் செருகி, நேரம் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அச்சில்லாத சீட்டு, சாதாரண உடையில் வரும் பரிசோதகரின் கணக்கில் சீட்டே அல்ல. விலை கொடுத்து வாங்கியதாகச் சொல்லும் சமாதானம் அவரிடம் எடுபடாது.

பழைய நகரச் சதுக்கத்தில் உள்ள, 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரத்தடியில் மணிக்கொரு முறை கூட்டம் கூடுகிறது. எலும்புக்கூட்டுப் பொம்மை கயிற்றை இழுத்து மணியடிக்க, மேலே இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் உருவங்கள் வலம்வந்து, சேவல் கூவியதும் காட்சி முடிந்துவிடும். எல்லோரும் கைபேசியை உயர்த்தியிருக்கும் அந்தச் சில நொடிகள் ஜேப்படிக்காரர்களுக்குப் போதுமானவை.

பிராக் கோட்டையின் முற்றங்களில் நடப்பதற்குச் சீட்டு தேவையில்லை. ஆனால் அதற்குள் இருக்கும், 1344இல் தொடங்கி 1929இல்தான் கட்டி முடிக்கப்பட்ட புனித விட்டஸ் பேராலயத்தை ஞாயிறு காலைக்கென ஒதுக்கி வைப்பது தவறு. வழிபாடு நடப்பதால் நண்பகல் வரை சுற்றுலாப் பயணிகளுக்கு அங்கே அனுமதி கிடையாது.