கிழக்கு ஆப்பிரிக்காவில் நாலு நாடு: விசா, ஊசி, பணம்

கென்யா, உகாண்டா, ருவாண்டா, தான்சானியா நாலையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விமான டிக்கெட்டை எடுத்துவிட்டு, அப்புறம்தான் விசாவைப் பற்றி விசாரிக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எந்த நாட்டில் இறங்குவது, அங்கிருந்து எங்கே போவது, எங்கிருந்து ஊருக்குத் திரும்புவது என்று முதலில் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். விசாவுக்கு எத்தனை முறை பணம் கட்ட வேண்டும், மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டையை எங்கே கேட்பார்கள், மிச்சப் பணத்தை எங்கே மாற்றுவது எல்லாமே அந்த வரிசையைப் பொறுத்ததுதான்.

கணவரின் வேலை காரணமாக நாங்கள் கென்யத் தலைநகர் நைரோபியில் குடியிருக்கிறோம். பள்ளி விடுமுறை வந்தால் கோவில்பட்டியிலிருந்தும் மதுரையிலிருந்தும் உறவுக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்கு போனில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது இந்திய பாஸ்போர்ட்டுக்கான கணக்கு. கட்டணங்கள் அவ்வப்போது மாறுகின்றன, அதனால் பணம் கட்டும் நாளில் அரசுத் தளத்தில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கென்யா 2024 ஜனவரியில் விசாவை நீக்கிவிட்டு, மின்னணுப் பயண அனுமதியைக் கொண்டுவந்தது. இங்கே எல்லோரும் இடிஏ என்கிறார்கள். கட்டணம் 30 டாலர், அதன்மேல் சிறிய சேவைக் கட்டணம். குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். விமான நிலையத்தில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அனுமதி இல்லாமல் ஊரிலேயே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். உகாண்டாவுக்கு மின்விசா, ஒருமுறை நுழைய 50 டாலர். தான்சானியாவுக்கும் அதே 50 டாலர்தான். ஜான்சிபார் தீவுக்குத் தனி விசா கிடையாது, தான்சானியா விசாவே போதும். ருவாண்டா காமன்வெல்த் நாட்டவர்களிடம் 30 நாள் வரை கட்டணமே வாங்குவதில்லை, இந்தியாவும் அதில் அடக்கம். இறங்கியதும் முத்திரை போட்டுத் தருவார்கள்.

இனி கூட்டு விசா. கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா என்று 2014 முதல் ஒன்று இருக்கிறது. 100 டாலர், 90 நாள், கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் மாறி மாறிப் போய்வரலாம். பயண ஏஜெண்டுகள் கேட்காமலேயே இதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் கூட்டிப் பாருங்கள். கென்யாவுக்கு 30, உகாண்டாவுக்கு 50, ருவாண்டாவுக்கு ஒன்றுமில்லை. நேர்கோட்டில் ஒரு நாட்டை முடித்து அடுத்ததற்குப் போகிறவருக்குத் தனித்தனியாக எடுப்பதே மலிவு. நாலு பேர் குடும்பத்துக்கு இந்த வித்தியாசத்திலேயே ஒரு நாள் ஜீப் வாடகைக்கு ஓரளவு தேறும்.

போன நாட்டுக்கே திரும்பி வருகிற பயணம் என்றால் கதை வேறு. உதாரணமாக, உகாண்டாவில் எண்டெபேயில் இறங்கி, ருவாண்டா தலைநகர் கிகாலிக்குப் போய்விட்டு, மலைக் கொரில்லா பார்க்க மறுபடி உகாண்டாவின் ப்விண்டி காட்டுக்கு வருகிறவர்கள் நிறைய. ப்விண்டிக்கு கிகாலியிலிருந்து வருவதுதான் பக்கம். இப்படிப் போனால் உகாண்டா விசாவுக்கே இரண்டு முறை கட்ட வேண்டிவரலாம், அதனால் கூட்டு விசாதான் நல்லது.

கூட்டு விசாவில் கவனிக்க வேண்டியவை இரண்டு. எந்த நாடு அதைக் கொடுத்ததோ, அந்த நாட்டில்தான் முதலில் கால் வைக்க வேண்டும். உகாண்டா தளத்தில் எடுத்துவிட்டு நைரோபியில் இறங்கினால் செல்லாது. அடுத்தது, தான்சானியா இந்த ஏற்பாட்டில் இல்லை. நடுவில் தான்சானியாவுக்குப் போனால் கூட்டு விசா அத்தோடு முடிந்துவிடும், 90 நாளில் எத்தனை நாள் மிச்சம் இருந்தாலும் சரி. அதனால் தான்சானியாவை முதலிலோ கடைசியிலோ வையுங்கள், நடுவில் வேண்டாம். நான் எல்லோருக்கும் சொல்கிற வரிசை: நைரோபி, உகாண்டா தலைநகர் கம்பாலா, கிகாலி, அங்கிருந்து விமானத்தில் தான்சானியா, கடைசியில் ஜான்சிபார் கடற்கரையில் ஓய்வு, அங்கிருந்தே ஊர். போக நைரோபி, வர ஜான்சிபார் என்று டிக்கெட் கேட்டால் விமான நிறுவனங்கள் கொடுக்கும். நைரோபிக்கே திரும்பும் டிக்கெட்டை எடுப்பதென்றால், பழைய இடிஏ செல்லுமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது இனிஷியல் மட்டும் இருக்கும். இணைய விண்ணப்பமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே நகராது. நீங்கள் எப்படி நிரப்பினாலும், விமான டிக்கெட்டிலும் எல்லா நாட்டு விண்ணப்பத்திலும் அதே முறையில், அதே எழுத்துக்கூட்டலில் நிரப்புங்கள். ஓரிடத்தில் அப்பா பெயர், இன்னோரிடத்தில் வெறும் இனிஷியல் என்று மாற்றி மாற்றிப் போட்டால்தான் கவுண்டரில் கேள்வி வரும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் நேரம் வந்திருந்தால், பெயரை இரண்டு கட்டத்திலும் பிரித்துப் போட்டு வாங்கிவிடுங்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

இணையத்தில் விசா என்று தேடினால் மேலே வருவதில் பாதி தரகர் தளங்கள். கொடி, சின்னம் எல்லாம் போட்டு அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கட்டணம் மட்டும் கூடுதல். முகவரியைப் பாருங்கள். கென்யா, உகாண்டா, தான்சானியா அரசுத் தளங்களில் நாட்டுக் குறிக்கு முன்னால் ஜி, ஓ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் வரும். ருவாண்டாவில் ஜி, ஓ, வி. வெறும் டாட் காம் என்று முடிந்தால் மூடிவிடுங்கள்.

விசாவைவிட அதிகமாகப் பயணத்தைக் கெடுப்பது மஞ்சள் காய்ச்சல் ஊசி. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். என் சித்தி மகன் குடும்பம் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் போட்டுக்கொண்டு வந்து, உகாண்டா போவதற்காக எங்கள் வீட்டிலேயே நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முன்பதிவு செய்த விடுதிப் பணம் திரும்பி வரவில்லை. உகாண்டா யாராக இருந்தாலும் அட்டையைக் கேட்கும். தான்சானியா, கென்யாவிலிருந்தோ உகாண்டாவிலிருந்தோ வருகிறவர்களிடம் கேட்கும். நம் நாடும் திரும்பி வரும்போது கேட்கும். அட்டை இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க இந்திய விதியில் இடம் இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். முன்கூட்டியே கேட்டு நாள் குறித்துக்கொண்டு போங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும், 2016-லிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் விதி அதுதான். பழைய அட்டையில் பத்து வருடம் என்று இருந்தாலும் கவலை வேண்டாம். 60 வயதுக்கு மேற்பட்ட அப்பா, அம்மாவை அழைத்து வருவதென்றால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். அந்த வயதில் இந்த ஊசிக்குப் பக்கவிளைவு ஆபத்து கூடுதல்.

ஜான்சிபாருக்கு இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் முதல் வெளிநாட்டவர் தீவு அரசின் காப்பீட்டை வாங்கியாக வேண்டும், பெரியவர்களுக்கு 44 டாலர். ஊரில் எடுத்த பயணக் காப்பீடு இருந்தாலும் இதற்கு ஈடாகாது.

தரைவழியில் போகிறவர்களுக்கு எல்லைச் சாவடி. நைரோபியிலிருந்து தெற்கே தான்சானியாவுக்கு நமங்கா, மேற்கே உகாண்டாவுக்கு புசியா, உகாண்டாவிலிருந்து ருவாண்டாவுக்கு கதுனா. நமங்காவிலும் புசியாவிலும் இப்போது ஒரே கட்டடத்தில் இரண்டு வேலையும் முடிந்துவிடும். கென்யாவிலிருந்து தான்சானியா போகிறீர்கள் என்றால், கென்யப் பக்கக் கட்டடத்தில் நிற்காமல் நேராக அந்தப் பக்கக் கட்டடத்துக்கே போகலாம். முதலில் சுகாதார மேசையில் மஞ்சள் அட்டை, அடுத்து கென்ய அதிகாரி வெளியேறும் முத்திரை, பக்கத்துக் கவுண்டரில் தான்சானியா அதிகாரி உள்நுழையும் முத்திரை. பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கியதும் நகர்ந்துவிடாதீர்கள். முத்திரைக்குள் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறார்கள் எனப் பாருங்கள். நீங்கள் கேட்டதைவிடக் குறைவாக இருந்தால் அங்கேயே மரியாதையாகச் சொல்லுங்கள், அப்போதே திருத்திவிடுவார்கள். பத்தடி தள்ளி வந்துவிட்டால் குடிவரவு அலுவலகத்துக்கு அலைய வேண்டும்.

கட்டடத்துக்கு வெளியே கையில் நோட்டுக் கட்டோடு ஆட்கள் நிற்பார்கள். அவர்களிடம் மாற்றாதீர்கள். இங்கே மூன்று நாட்டுப் பணத்துக்கும் ஷில்லிங் என்றே பெயர், மதிப்புதான் எங்கேயோ இருக்கிறது. கென்யாவில் 100 ஷில்லிங் என்றால் ஏறக்குறைய 70 ரூபாய். தான்சானியாவில் 1,000 ஷில்லிங்குக்கு 35 ரூபாய் பக்கம். உகாண்டாவில் 1,000 ஷில்லிங் 25 ரூபாய்தான். ருவாண்டாவின் 1,000 ஃபிராங்க் 60 ரூபாயை ஒட்டி வரும். இந்த நாலு எண்ணையும் போனில் எழுதி வைத்துக்கொண்டு, கிளம்பும் வாரத்தில் சரிபாருங்கள். கென்யாவின் பெரிய நோட்டு 1,000, உகாண்டாவின் பெரிய நோட்டு 50,000. அவசரத்தில் ஒரு சைபர் மாறினால் தெரியவே தெரியாது, எல்லையில் நிற்கும் ஆட்களின் பிழைப்பே அந்தச் சைபரில்தான். ஃபாரெக்ஸ் கடையிலோ வங்கியிலோ மாற்றி, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவர வேண்டியது டாலர். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 டாலர் வரைதான் எடுத்து வரலாம், மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் போடுங்கள். நோட்டு வாங்கும்போது ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பாருங்கள். 2009-க்கு முன் அச்சிட்ட டாலரை இங்கே பல கடைகளில் தொடவே மாட்டார்கள். படத்தின் பக்கத்தில் பொடி எழுத்தில் ஆண்டு இருக்கும். நீலப் பட்டை ஓடுகிற புது நூறு டாலர் தாள்தான் நல்லது. கிழிசல், பேனாக் கிறுக்கல், வங்கி முத்திரை எதுவும் இருக்கக் கூடாது. 50, 100 தாளுக்குக் கிடைக்கும் விலை 5, 10 டாலர் தாளுக்குக் கிடைக்காது. சில்லறை டாலரை டிப்ஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய செலவுகளுக்கு டாலர் நோட்டே தேவைப்படாது. கென்யாவின் வனவிலங்குக் காப்பகமான மசாய் மாராவில் நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். கொரில்லா பார்க்க உகாண்டாவில் 800 டாலர், ருவாண்டாவில் 1,500 டாலர். இவையெல்லாம் பெரும்பாலும் சஃபாரி நிறுவனம் வழியாக முன்பே கட்டிவிடுவதுதான். தான்சானியாவில் 2025 மார்ச் முதல் உள்நாட்டில் டாலரில் விலை சொல்வதும் வாங்குவதும் சட்டப்படி கூடாது. ஜான்சிபார் கடைக்காரர் பழக்கத்தில் டாலர் கேட்டாலும் ஷில்லிங்கிலேயே கொடுங்கள். ஏடிஎம் இயந்திரம் ரூபாயில் கணக்குப் போடட்டுமா என்று கேட்டால், வேண்டாம், உள்ளூர்ப் பணத்திலேயே என்று அழுத்துங்கள். ரூபாயில் போட்டால் விலை மோசமாக இருக்கும்.

கென்யாவில் சில்லறைச் செலவுக்கு, போனிலேயே பணம் அனுப்பும் எம்பெசாதான். 2007-லிருந்து இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் காட்டி சஃபாரிகாம் சிம் வாங்கும்போதே கணக்கையும் திறந்து, கொஞ்சம் ஷில்லிங்கைப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தெருமுனையில் காய்கறி விற்கும் பெண்மணியை எல்லோரும் மாமா ம்போகா என்று கூப்பிடுவோம், ஸ்வாஹிலி மொழியில் காய்கறி அம்மா என்று அர்த்தம். அவருடைய பலகையில் ஓர் எண் எழுதியிருக்கும். போனில் அந்த எண், தொகை, ரகசிய எண் மூன்றையும் போட்டால் போதும். அவர் போனில் குறுஞ்செய்தி வந்து, அதில் உங்கள் பெயரைப் படித்த பிறகுதான் பையை நீட்டுவார். உங்களுக்கும் ஒரு செய்தி வரும், அதில் யார் பெயருக்குப் பணம் போயிருக்கிறது என்று பாருங்கள். பணம் போடாமல் நம் ஊர் மாதிரி ஸ்கேன் செய்துகொள்ளலாம் என்று வந்து நிற்காதீர்கள், யுபிஐ இங்கே எடுபடாது. உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் இதே மாதிரி எம்டிஎன் மோமோ ஓடுகிறது, அதற்கு அந்தந்த நாட்டு சிம் வேண்டும். நாலைந்து நாள் தங்குகிறவர்கள் அங்கே நோட்டிலேயே சமாளிக்கலாம்.

மிச்சப் பணத்தை அந்தந்த நாட்டை விட்டுக் கிளம்புமுன் தீர்த்துவிடுங்கள். உகாண்டா ஷில்லிங்குக்குத் தான்சானியாவில் நல்ல விலை கிடைக்காது, சென்னையில் வாங்கவே ஆள் இல்லை. முன்பு வந்துபோன உறவினர் யாராவது கென்யாவின் பழைய 1,000 நோட்டைக் கொடுத்துவிட்டால் வாங்கி வராதீர்கள். 2019 செப்டம்பரோடு அது செல்லாமல் போய்விட்டது.

பிளாஸ்டிக் கைப்பை கென்யா, ருவாண்டா, தான்சானியா மூன்றிலும் தடை. அம்மா கட்டிக்கொடுக்கும் முறுக்கை டப்பாவில் போட்டு வாருங்கள்.

ஊர் திரும்பும் விமானத்தில் மஞ்சள் அட்டையைப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். பெட்டி வந்து சேரும் இடத்துக்கு முன்னாலேயே சுகாதார மேசை வந்துவிடும். பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள். அசல் அட்டைதான் வேண்டும், போனில் எடுத்த படத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பி வராதீர்கள்.