நீர்வண்டில் புது இனத்தை விவரித்து எழுதுவது எப்படி

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் நான் தேடுவது ஹைட்ரேனிடே குடும்பத்தில் ஹைட்ரேனா என்ற பேரினத்து வண்டுகளை. வளர்ந்த வண்டே ஒரு கேழ்வரகு மணி அளவுதான், இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். உலகம் முழுக்க இந்த ஒரு பேரினத்தில் மட்டும் 800க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. இன்னும் வைக்க வேண்டியவை ஓடைகளில் இருக்கின்றன. "புதுசு மாதிரி தெரியுது சார், அடுத்து என்ன பண்றது?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த பிறகு போங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி எழுத்தில் கையில் இருக்க வேண்டும். ஓடையின் நடுவே இறங்க வேண்டாம், ஈர மணலும் தண்ணீரும் சேரும் விளிம்பில்தான் இவை இருக்கும். சரளையைக் கையால் கலக்கிவிட்டு, மேலே மிதந்து வருவதை டீ வடிகட்டியால் அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றுங்கள். உடனே ஒன்றும் தெரியாது. கொஞ்சம் பொறுத்தால் ஒரு துரும்பு நடக்கத் தொடங்கும். தண்ணீரின் மேற்பரப்பைக் கீழிருந்து பிடித்துக்கொண்டு தலைகீழாக நடக்கும் வண்டு அது. வயிற்றை ஒட்டிய காற்றுப் படலம் பளபளக்கும். அதைக் கொஞ்ச நேரம் பாருங்கள், பிறகு குப்பியில் போடலாம்.

குப்பியில் 96 சதவீத எத்தனால் இருக்கட்டும், பிற்பாடு டி.என்.ஏ. எடுக்க உதவும். மாவட்டம், ஓடை, உயரம், ஜி.பி.எஸ். அளவு, தேதி, பிடித்தவர் பெயர் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி, சீட்டைக் குப்பிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். பேனாவால் எழுதி வெளியே ஒட்டினால் எத்தனால் கசிந்து எழுத்து போய்விடும். ஆணும் பெண்ணுமாக ஒரு தொகுதி கிடைக்கும்வரை எழுத உட்கார வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே ஒரு வண்டை வைத்துப் பெயர் வைக்கப் பெயரிடல் விதியில் தடை இல்லை. ஆனால் அதன் உருவம் அந்த இனத்துக்கே உரியதா, அந்த ஒரு வண்டின் கோளாறா என்று எப்படிச் சொல்வீர்கள்?

இனி வீட்டு மேசை வேலை. இந்தக் குடும்பத்தில் மேலுடலைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்து போவோம். இரண்டு வேறு இனங்கள் மேலே அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். வித்தியாசம் பெரும்பாலும் ஆணின் இனப்பெருக்க உறுப்பான ஏடியாகஸில் இருக்கிறது, அதுவும் அரை மில்லிமீட்டர்கூட வராது. வண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் மல்லாக்க வைத்து, மிக மெல்லிய ஊசியால் வயிற்றின் கடைசி வளையத்தைத் திறந்து, உள்ளிருப்பதை மெல்ல இழுங்கள். முழங்கை இரண்டும் மேசையில் ஊன்றியிருந்தால் கை நடுங்காது. வெளியே வந்ததை ஒரு சொட்டு கிளிசரினில் போட்டுத் தசையை நீக்குங்கள். நடுத்தண்டு, அதன் நுனி மடல், இருபுறமும் பாராமியர்கள் எனும் பக்க உறுப்புகள், அவற்றின் முனையில் மயிர்கள் என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்த வெளிறிய வண்டில் இந்த உறுப்பு இன்னும் இறுகியிருக்காது, அதன் வடிவத்தை நம்பக் கூடாது. அப்புறம், பிரித்தெடுத்ததை அதன் சொந்தக்கார வண்டை ஒட்டிய அட்டை குத்தியிருக்கும் அதே குண்டூசியில், தனி அட்டையில் ஒட்டிவிட வேண்டும். எது யாருடையது என்ற குழப்பம் வந்தால் அந்த வண்டு வீண்.

படம் வரையும்போது, ஒப்பிடப் போகும் பழைய படம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதே கோணத்தில் வரையுங்கள். கிளிசரினில் சற்றே உருண்டாலும் நுனி வேறு வடிவம் காட்டும். அந்த வேறுபாட்டைப் புது இனம் என்று நினைத்துவிடுவது மிகச் சுலபம்.

மொத்த வேலையின் உயிர் ஒப்பீட்டில் இருக்கிறது. 1930க்குப் பிறகு வெளியாகும் பெயருக்கு, அந்த இனத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் பண்புகளைச் சொல்ல வேண்டும் என்பது பன்னாட்டு விலங்குப் பெயரிடல் விதி. அதற்கு, அந்தப் பகுதியில் ஏற்கெனவே பெயர் பெற்ற இனங்கள் அத்தனையையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். பழைய கட்டுரைகள் பல பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இருக்கும். பெல்ஜியப் பூச்சியியலாளர் அர்மான் டோர்ஷிமோன் எழுதியவை பெரும்பாலும் பிரெஞ்சில், அவருடைய சேகரிப்பு பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில். வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் இந்தக் குடும்பத்து மாதிரிகள் ஏராளம். படம் கேட்டு எழுதத் தயங்காதீர்கள், இந்தத் துறையில் அது வழக்கமான காரியம்.

விவரிப்பை எழுதும்போது "மேலுடலின் குழிகள் நெருக்கமாக உள்ளன" என்று நிறுத்தினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. நெருக்கம் என்றால் எவ்வளவு? "கழுத்துத் தகட்டின் நடுவில், இரண்டு குழிகளுக்கு இடைப்பட்ட தூரம் ஒரு குழியின் விட்டத்தைவிடக் குறைவு" என்று எழுதுங்கள். உங்கள் வண்டைப் பார்த்தே இராத ஒருவர், ஐம்பது வருடம் கழித்து வேறொரு நாட்டில் உட்கார்ந்து அடையாளம் காண வேண்டும். நீளத்துக்குக் குறைந்த அளவு, கூடிய அளவு இரண்டையும் கொடுங்கள். தலை உள்ளே இழுத்திருக்கலாம், வெளியே நீட்டியிருக்கலாம் என்பதால் தலையை விட்டுவிட்டு ஒரு அளவும் தேவை. ஆணின் பின்மார்பு, கால் முட்கள், பெண்ணின் வயிற்று நுனி எதையும் விடாதீர்கள்.

ஒரு ஆண் வண்டை ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கு அடிப்படையான ஒற்றை மாதிரி என்று வெளிப்படையாகக் குறித்து, அது எந்த நிறுவனத்தில் இருக்கும் என்றும் எழுத வேண்டும். 2000 முதல் இது கட்டாயம். அதற்குச் சிவப்புச் சீட்டு. விவரிப்புக்குப் பயன்பட்ட மற்ற வண்டுகள் பாராடைப். இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, புது இனத்தைப் பற்றித் தெரிவித்து, அதன் மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படி ஒன்று. வெளிநாட்டுக்கு அனுப்பவும் விதிகள் உண்டு, முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

பெயர் வைப்பதில்தான் எல்லோருக்கும் ஆசை. போர்னியோவின் மலியாவ் பள்ளத்தாக்கில், களப்பயிற்சிக்கு வந்த சாதாரண மக்கள் கண்டெடுத்த ஓடை வண்டுக்கு, நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோவின் நினைவாக 2018இல் 'குரூவெல்லினஸ் லியோனார்டோடிகாப்ரியோய்' என்று பெயர் வைத்தார்கள். தாராளமாக அப்படி வைக்கலாம். ஆனால் உங்கள் பெயரையே வைத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. ஹைட்ரேனா இலக்கணப்படி பெண்பால், ஆகவே பெயரடையும் பெண்பால் விகுதியில் முடிய வேண்டும். எனக்குப் பிடித்தது ஓடையின் பெயரையோ, வண்டின் ஒரு பண்பையோ வைப்பது. பின்னால் வருபவருக்கு அந்தப் பெயரே ஒரு துப்பு.

இணைய இதழில் மட்டும் வெளியாகும் கட்டுரை என்றால், வெளியாகும் முன்பே சூபேங்க் (ZooBank) என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிந்து, பதிவு விவரம் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் பெயர் செல்லாது.

கட்டுரை வந்ததும் ஹோலோடைப்பைக் கொண்டுபோய் ஒப்படையுங்கள். முடிந்தவரை நேரில் போவது நல்லது. அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், குண்டூசி குத்திய பெட்டியைப் பஞ்சு நிரப்பிய இன்னொரு பெட்டிக்குள் வைத்து, ஏடியாகஸ் அட்டை சுழலாதபடி இருபுறமும் தாங்கு ஊசி குத்தி அனுப்புங்கள்.